யூசுஃபின் சட்டையும் நம் பணியிடங்களும்

அருள்மறை குர்ஆனின் 12ஆவது அத்தியாயமான சூரா யூசுஃபை நாம் பொறுமையின் வரலாறாக வாசிக்கிறோம். பிரிந்த தந்தையும் மகனும் சேர்ந்த வரலாறாகவும், தீங்கிழைத்த சகோதரர்களை மன்னித்த வரலாறாகவும் பயான்களில் கேட்டு உருகுகிறோம். அதே அத்தியாயத்தில் நம் கவனத்துக்கு அதிகம் வராத இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு வீட்டில் ஊழியம் செய்த இளைஞருக்கு, அவ்வீட்டில் அதிகாரம் பெற்றிருந்தவரால் நேர்ந்த பாலியல் வற்புறுத்தலை அது சொல்கிறது. அது விசாரிக்கப்பட்ட முறையைச் சொல்கிறது. உண்மை தெரிந்த பின்னரும் பெரிய மனிதர்கள் அதை எப்படி மூடி மறைத்தார்கள் என்பதையும் சொல்கிறது. இன்றைய சட்டத்தின் சொல்லில் கூறுவதானால், அது பணியிடத்தில் நிகழ்ந்த பாலியல் சீண்டல்.

யூசுஃப் (அலை) அவர்கள் அஸீஸின் வீட்டில் விலைக்கு வாங்கப்பட்டு வளர்ந்தவர்கள். உணவும் உறைவிடமும் அந்த வீட்டின் தயவில் இருந்தன. அவர்களை நாடியவளோ அந்த வீட்டின் எஜமானி. அவள் கதவுகளை அடைத்துத் தாழிட்டாள் என்பதைக் குர்ஆன் குறிப்பாக எடுத்துச் சொல்கிறது. அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்களாக வாசலை நோக்கி ஓடினார்கள். துரத்தி வந்தவளின் கையில் சட்டை கிழிந்தது. வாசலில் கணவனைக் கண்டதும் அவள் முந்திக்கொண்டு பழியை அவர்கள் மீதே திருப்பினாள். என்ன தண்டனை தரலாம் என்பதையும் அவளே சொன்னாள். யூசுஃப் (அலை) அவர்கள் மௌனம் காக்கவில்லை. தம்மை நாடியவள் அவளே என்று எஜமானின் முன்னிலையில் சொன்னார்கள். அப்போது அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழியைக் கூறினார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தார்கள், பின்புறம் கிழிந்திருந்தது.

நீதி அத்துடன் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அஸீஸ், இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்படி யூசுஃப் (அலை) அவர்களிடம் கூறினார். மனைவியிடம் பிழைபொறுக்கத் தேடிக்கொள்ளச் சொன்னார். ஊரில் பேச்சு பரவியது. சான்றுகளையெல்லாம் கண்ட பின்னரும், குற்றமற்றவரைச் சிறையில் அடைப்பதே அவர்களுக்கு வசதியாகப் பட்டது. பல ஆண்டுகள் கழித்து அரசர் அழைத்தனுப்பியபோது, யூசுஃப் (அலை) அவர்கள் உடனே வெளியே வந்துவிடவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விவகாரம் என்ன என்பதை முதலில் விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். அரசர் விசாரித்தார். பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். அஸீஸின் மனைவியும் ஒப்புக்கொண்டாள்.

ஒரு நபி தம் விடுதலையைக் காட்டிலும் முறையான விசாரணையை முற்படுத்தினார்கள் என்பதை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மூடி மறைப்பது எவருடைய மானத்தையும் காப்பதில்லை. விசாரித்து உண்மையை நிலைநாட்டுவதே மானத்தைக் காக்கிறது. இந்தப் பாடம் நம் கடைகளுக்கும், தொழிற்சாலைகளுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும், நாம் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளுக்கும் உரியது.

எது சீண்டல்?

நம் நாட்டில் 2013இல் இயற்றப்பட்டு அதே ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலை வரையறுக்கிறது. விரும்பத்தகாத வகையில் உடலைத் தொடுவதும் நெருங்குவதும், பாலியல் இசைவைக் கேட்பதும், பாலியல் சாயல் கொண்ட பேச்சும், ஆபாசப் படங்களைக் காட்டுவதும் அதில் அடங்கும். சொல்லாலோ செய்கையாலோ சாடையாலோ இழைக்கப்படும் இத்தகைய வேறு எந்த நடத்தையும் அடங்கும். இணங்கினால் சலுகை என்று ஆசை காட்டுவதும், மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று மிரட்டுவதும், ஒரு பெண் நிம்மதியாக வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவதும் இதன் வடிவங்களே.

இதன் வேர் பெரும்பாலும் அதிகாரத்தில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளை எண்ணிப் பாருங்கள். நம் சமுதாயத்தார் பலர் உழைத்து வளர்த்த தொழில் அது. அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்குபவர்கள். எந்த இயந்திரத்தில் உட்கார்வது, இன்று ஓவர்டைம் உண்டா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் விடுப்பு கிடைக்குமா என்பதெல்லாம் சூப்பர்வைசரின் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அவர் விலை கேட்கத் தொடங்கினால் அந்தப் பெண் யாரிடம் போவாள்?

துணிக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் இளம்பெண்ணுக்கும் இதே நிலைதான். தனியார் பள்ளியில் அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பணியாற்றும் ஆசிரியையும், மருத்துவரின் அறைக்கு வெளியே டோக்கன் கொடுக்கும் பெண்ணும், நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவும் அவ்வாறே பிறர் தயவை நம்பி நிற்கிறார்கள். சட்டம் இவர்கள் அனைவரையும் சேர்த்தே பேசுகிறது. தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், வீட்டு வேலை செய்பவர் என எவரும் விடுபடவில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடமே என்கிறது. எனவே, பேருந்தில் நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று எந்த நிர்வாகமும் கைகழுவிவிட முடியாது.

இந்தச் சட்டம் பெண்களின் புகார்களையே ஏற்கிறது. ஆனால் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு, ஆணுக்கும் இந்த அநீதி நேரக்கூடும் என்பதை நமக்குச் சொல்லித் தருகிறது. கடையில் வேலை பழகும் சிறுவனும் அமானிதமே.

நம்மிடையே உலவும் மூன்று சமாதானங்கள்

இத்தகைய செய்தி காதுக்கு எட்டும்போது நம் வீடுகளிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் வழக்கமாக மூன்று சமாதானங்கள் எழுகின்றன. மூன்றும் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால், மார்க்கத்தைக் கொண்டே அவற்றை உரசிப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, பெண் வேலைக்குப் போனதுதான் காரணம், அவளுடைய உடைதான் காரணம் என்பது. சூரா அந்நூரின் 30ஆவது வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி கட்டளையிடுவது இறைநம்பிக்கை கொண்ட ஆண்களை நோக்கித்தான். பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. ஆணின் பொறுப்பு பெண்ணின் உடையைப் பார்த்துத் தொடங்குவதில்லை. அவனுடைய கண்ணிலேயே தொடங்குகிறது. வேலைக்குப் போனதையே குற்றமாக்குவோருக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருள்களை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்றவர்கள் அண்ணலார். முதலாளி ஒரு பெண். பொறுப்பேற்றுப் பணி செய்தவர் ஓர் ஆண். அந்த உறவில் அன்னையார் கண்டது நாணயத்தையும் நற்குணத்தையும்தான். ஆணும் பெண்ணும் தொழில் நிமித்தம் பழகும்போது ஒழுக்கம் நிலைக்காது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

மேலும், இன்று வேலைக்குச் செல்லும் பெண்களில் எத்தனையோ பேர் கைம்பெண்கள், கைவிடப்பட்டவர்கள், நோயுற்ற கணவருக்கு மருந்து வாங்க வேண்டியவர்கள். ஹிஜாபும் நிகாபும் அணிந்து செல்லும் சகோதரிகளும் சீண்டலுக்கு ஆளாகிறார்கள். உடையைக் குறை சொல்வதால் சீண்டியவன் தப்பிக்கிறான் என்பதைத் தவிர வேறு பயன் எதுவும் விளைவதில்லை.

இரண்டாவது, நான்கு சாட்சிகள் எங்கே என்ற கேள்வி. இது மிகவும் கனமான தவறு. சூரா அந்நூரின் 4ஆவது வசனம் நான்கு சாட்சிகளைக் கேட்பது, கற்புள்ள பெண்கள் மீது விபசாரப் பழி சுமத்துபவரிடம். பெண்ணின் மானத்தை அவதூறிலிருந்து காப்பதற்காக அருளப்பட்ட அந்தச் சட்டத்தை, தனக்கு நேர்ந்த அநீதியை முறையிடும் பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம்! தன்னிடம் ஒருவன் வரம்பு மீறினான் என்று சொல்பவள் எவர் மீதும் விபசாரப் பழி சுமத்தவில்லை. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியையே சொல்கிறாள். தீய பேச்சை வெளிப்படையாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் சூரா அந்நிஸாவின் 148ஆவது வசனம், அநீதிக்குள்ளானவருக்கு அதே இடத்தில் விதிவிலக்கு அளிக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில், தொழுகைக்குச் சென்ற ஒரு பெண்மணி வழியில் பலவந்தத்துக்கு உள்ளானதாக முறையிட்ட நிகழ்வை வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் அது இடம்பெற்றுள்ளது. அண்ணலார் அந்தப் பெண்ணிடம் நான்கு சாட்சிகளைக் கேட்டதாக அதில் இல்லை. அல்லாஹ் அவளை மன்னித்துவிட்டான் என்று ஆறுதல் கூறி அனுப்பியதாகவே இருக்கிறது. சூரா அந்நூரின் 33ஆவது வசனமும் இதையே உறுதிப்படுத்துகிறது. உலக ஆதாயத்துக்காகத் தம் கீழ் உள்ள பெண்களை ஒழுக்கக்கேட்டுக்கு நிர்ப்பந்திப்பதை அது தடுக்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு இறைவனின் மன்னிப்பையும் கருணையையும் வாக்களிக்கிறது. பிறர் உழைப்பின் மீதும் வாழ்வின் மீதும் அதிகாரம் பெற்றவர்களுக்கான எச்சரிக்கை அந்த வசனம்.

மூன்றாவது சமாதானம், குறைகளை மறைப்பது நன்மை என்பது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் நபிமொழி இருப்பது உண்மை. ஒருவர் தம்மளவில் தவறி, வருந்தி, திருந்தும் நிலையில் அவரைத் தெருவில் நிறுத்தாதிருப்பதே அதன் பொருள். பிறர் மீது தொடர்ந்து அநீதி இழைப்பவருக்கு அது அரண் ஆகாது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவி செய்யச் சொன்ன அண்ணலார், எவ்வாறு உதவுவது என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கினார்கள். புகாரி நூலில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியின்படி, சீண்டும் மேலாளரைத் தடுத்து நிறுத்துவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய நன்மை. வேறு கிளைக்கு மாற்றல் கொடுத்து அனுப்புவது அந்தக் கிளையில் இருக்கும் பெண்களுக்கு நாம் செய்யும் துரோகம்.

அவர் பள்ளிவாசலுக்கு வாரி வழங்குபவர், பெரிய குடும்பத்துப் பிள்ளை என்பன போன்ற சிபாரிசுகளுக்கும் விடை உண்டு. மக்ஸூமி குலத்துப் பெண்ணின் திருட்டு வழக்கில் சிபாரிசு வந்தபோது அண்ணலாரின் முகம் மாறியது. உயர்ந்தோரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்ததே முந்தைய சமுதாயங்களின் அழிவுக்குக் காரணம் என்று எச்சரித்தார்கள். தம் அருமை மகளாகவே இருந்தாலும் நீதி மாறாது என்றும் அறிவித்தார்கள்.

சட்டம் வந்த பாதை

இந்தச் சட்டங்கள் மேற்கத்தியப் பண்பாட்டின் இறக்குமதி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நம் நாட்டில் இதற்கு வித்திட்டவர் ராஜஸ்தானின் கிராமத்துப் பெண் பன்வாரி தேவி. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தவர் அவர். 1992இல் ஒரு கைக்குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்க சாதியினரின் பகையைச் சம்பாதித்தார். கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தன் பணியைச் செய்ததற்காகவே ஒரு பெண் இவ்வாறு பழிவாங்கப்பட்டாள் என்ற கொதிப்பில் விசாகா உள்ளிட்ட அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997 ஆகஸ்ட் 13 அன்று வெளியான தீர்ப்பு, சட்டம் இயற்றப்படும் வரை எல்லாப் பணியிடங்களும் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை வகுத்தது. விசாகா கமிட்டி என்று நம் மக்கள் இன்றும் சொல்லும் பெயர் அங்கிருந்து வந்ததே. சட்டம் வருவதற்கு மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

சவூதி அரேபியாவும் 2018இல் பாலியல் சீண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. கடுமையான நிலைகளில் 5 ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் ரியால் வரை அபராதமும் அதில் உண்டு. வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

2013 சட்டத்தின் சாரத்தை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அங்கு பணிபுரியும் மூத்த பெண் ஒருவரே அதன் தலைவராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். 10 பேருக்குக் குறைவாக உள்ள கடையிலோ வீட்டிலோ நேர்ந்தால், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுதல் பெற முடியும். பெண்களுக்கான 181 தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம்.

நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. விசாரணையை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது, பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் இருவரில் ஒருவரை இடமாற்றம் செய்யவோ, அவருக்கு 3 மாதம் வரை விடுப்பு அளிக்கவோ குழு பரிந்துரைக்கலாம். பெயர் விவரங்களை வெளியிடுவது தண்டனைக்குரியது. குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இவை அல்லாமல், காவல்துறையில் புகார் அளிக்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியுள்ளது.

ஏட்டில் இருப்பது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. சட்டம் வந்து 10 ஆண்டுகள் நெருங்கிய 2023 மே மாதத்தில், அதன் அமலாக்கத்தில் உள்ள குறைபாடுகளை உச்ச நீதிமன்றமே கவலையுடன் சுட்டிக்காட்ட நேர்ந்தது. குழு இல்லாத, அல்லது பெயருக்கு மட்டும் குழு உள்ள பணியிடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பின்னர் பெண் தொழிலாளர்களின் சங்கம் போராடியதன் விளைவாக 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்றவர்கள் தையல் கூடத்தில் நடப்பதைக் கண்காணித்து முறையிட அது வழி செய்தது. ஓர் உயிர் போன பின் வந்த ஏற்பாடு, நம் தொழிற்சாலைகளில் உயிர் போகும் முன் வரலாமே!

இரு தரப்புக்கும் நீதி

பொய்ப் புகாரால் ஓர் ஆணின் வாழ்வு பாழாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. அதையும் நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் பணிக்கிறது. மேலே சொன்ன வாயில் (ரலி) அவர்களின் அறிவிப்பில் கூட, முதலில் பிடிபட்டவர் உண்மைக் குற்றவாளி அல்லர். பிறகே உண்மையானவர் முன்வந்து ஒப்புக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தம் தரப்பைச் சொல்லவும் சாட்சிகளைக் காட்டவும் உரிமை வேண்டும். சட்டம் அதை அளிக்கிறது. தீய நோக்கத்துடன் பொய்யாகப் புகார் கொடுத்ததாக நிரூபணமானால் நடவடிக்கை எடுக்கவும் இடமளிக்கிறது. ஆனால் நிரூபிக்க இயலவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது.

முறையான விசாரணை இல்லாத இடத்தில்தான் வதந்தி நீதிபதியாகிறது. அங்கே பாதிக்கப்பட்டவருக்கும் நீதி இல்லை. நிரபராதிக்கும் நீதி இல்லை. யூசுஃப் (அலை) அவர்களின் சட்டையைப் பரிசோதித்த அந்த ஒருவர், தம் குடும்பத்துப் பெண் என்பதற்காகச் சாயவில்லை. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்கச் சொல்லும் சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனத்தைப் பின்பற்ற முனைவோருக்கு அவரிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது.

நம் முன் உள்ள கடமைகள்

தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. வட்டியிலிருந்தும் கலப்படத்திலிருந்தும் நம் வணிகத்தைத் தூய்மையாக வைத்திருக்கப் பாடுபடுகிறோம். ஒரு பெண்ணின் கண்ணீர் கலந்த இலாபம் எவ்வாறு தூய்மையாகும்? குழுவை அமையுங்கள், அதன் உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழில் எழுதி, பெண்கள் கைகழுவும் இடத்துக்கு அருகில் ஒட்டுங்கள். வெளி உறுப்பினராக உங்கள் மைத்துனரின் மனைவியை நியமிக்காதீர்கள். உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரைத் தேடுங்கள். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த நெறியை வைத்துப் பெண்களுக்கு வேலை மறுப்பது எளிது. அறைக் கதவுகளைக் கண்ணாடியாக்குவதும், இரவுப் பணி முடிந்து செல்லும் வண்டியில் ஒரு பெண்ணை மட்டும் தனியே ஏற்றி அனுப்பாதிருப்பதும் சற்றுச் சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்பதுதான் நபிவழி.

குடும்பத்தாருக்கு அடுத்த சொல். மகளோ மனைவியோ சகோதரியோ தயங்கித் தயங்கி இதைச் சொல்லும்போது, நம் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே என்பதாக இருக்கிறது. நாம் அதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அவளோ தண்டனை தனக்குத்தான் என்று புரிந்துகொள்கிறாள். சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்த பெண், அடுத்த முறை சொல்லவே மாட்டாள். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நீ தவறு செய்யவில்லை என்று சொல்லுங்கள். தேதி, நேரம், நடந்தது, அருகில் இருந்தவர் என எல்லாவற்றையும் அவளுடன் அமர்ந்து எழுதி வையுங்கள். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். வேலையைத் தொடர்வதா, விடுவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். ஆண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தாய்மார்களும், அங்குள்ள பெண்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்பட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்பத் தகராறுகளில் சமாதானம் செய்து வைப்பது அழகிய பணி. ஆனால் சீண்டல் விவகாரத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கைகொடுக்கச் சொல்வது சமாதானம் ஆகாது. சமரசத்தைப் பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால்தான் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அப்போதும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக் கூடாது என்கிறது. உங்களிடம் முறையிட வரும் பெண்ணைக் குழுவிடமோ காவல்துறையிடமோ அனுப்பி, அவளுக்குத் துணையாக நில்லுங்கள். வட்டியைப் பற்றியும் வரதட்சணையைப் பற்றியும் ஜும்ஆ மேடையில் பேசுவது போல், கூலிக்கு வேலை செய்பவரின் மானத்தைப் பற்றியும் ஆண்டில் சில வாரங்களேனும் பேசுங்கள். நாம் நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மத்ரஸாக்களிலும் முறையிட ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

நல்ல பணியிடம் எப்படி இருக்கும் என்பதற்கும் குர்ஆனிலேயே ஒரு சித்திரம் இருக்கிறது. மத்யன் நகரின் நீர்நிலையில், கூட்டத்தில் முண்டியடிக்க விரும்பாமல் ஆடுகளுடன் ஒதுங்கி நின்ற இரு பெண்களை மூஸா (அலை) அவர்கள் கண்டார்கள். என்ன சிரமம் என்று கேட்டார்கள். நீர் புகட்டிக் கொடுத்தார்கள். எதையும் எதிர்பாராமல் நிழலுக்குத் திரும்பிச் சென்றார்கள். பசித்திருந்தும் தம் தேவையை அல்லாஹ்விடம் மட்டுமே கேட்டார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர், அவரைப் பணிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்தபோது சொன்ன தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகத்தன்மை. தந்தை மகளின் மதிப்பீட்டை ஏற்றார். பணிக்கு அமர்த்தும்போது, உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தில் வாக்கும் கொடுத்தார்.

நம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு வீட்டின் நம்பிக்கை. அவளை மானத்தோடு திருப்பி அனுப்புவது, அவளுக்குக் கூலி கொடுப்பதைப் போலவே நம் மீதுள்ள கடன். பணியாளரிடம் வலிமையையும் நம்பகத்தன்மையையும் தேடும் நாம், முதலாளிகளிடமும் மேலாளர்களிடமும் அதையே கேட்போம். நாளை மறுமையில் வியாபாரத்தின் கணக்கு விரிக்கப்படும்போது, அதில் எந்தப் பெண்ணின் முறையீடும் எழுதப்பட்டிராமல் இருக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.